"ஏ தங்கராசு, டீசல் தீந்து போச்சா?"

போன மாதம் இரண்டு இளவட்டங்கள் வீட்டுக்கு வந்தார்கள். போடியில் மைக்செட், லைட், ஆள் உயரப் பாக்ஸ் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடையில் வேலை பார்க்கிறவர்கள். ஒருத்தன் போனை நீட்டினான்.

"ஐயா, இது நீங்க ரெக்கார்டிங் பண்ணுன கேசட்டாமே? யாரோ நெட்ல ஏத்தி விட்டிருக்காங்க. கீழ அம்புட்டுப் பேரும் திட்டி வச்சிருக்காங்க."

காதில் வைத்துக் கேட்டேன். 'மறுபடியும் இடிமின்னல்' கேசட்டேதான். கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தன் "ஏ தங்கராசு, டீசல் தீந்து போச்சா?" என்று கத்துவதும், சனம் சிரிப்பதும் அப்படியே இருந்தன. திட்டியிருந்ததையும் அவனையே வாசிக்கச் சொன்னேன். பழைய பாட்டில் இருந்த வேகம் இல்லையாம். கிழட்டுக் குரலாம். சொத்தை ரெக்கார்டிங்காம்.

"சொத்தை ரெக்கார்டிங்னு எழுதுனவன் எந்த ஊரு?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"கோவப்படாதீங்கய்யா. நம்ம சங்கத்துல மலர் போடுறோம். என்ன நடந்துச்சுன்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதத் தெரியும்.

நான் சிலமலைக்காரன். பெயர் சுருளி. வீட்டில் தோட்டம் இருந்தது, பார்த்துக்கொள்ள அண்ணன்கள் இருந்தார்கள். எனக்கு மண்வெட்டி பிடிக்கவில்லை. போடியில் ராமையா மைக்செட்டில் சேர்ந்தேன். மூங்கில் நட்டேன், குழாய் ஸ்பீக்கர் கட்டினேன், வயர் இழுத்தேன், ஷாக் அடித்து விழுந்தேன். இந்தத் தொழிலுக்கு வந்த எல்லோருக்கும் இதே கதைதான். அதை விட்டுவிடுகிறேன்.

ராமையா முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் கத்துவார்கள். கத்திக் கத்தி வீட்டில் பெண்டாட்டியிடம் உப்புக் கேட்பதைக்கூடக் கத்தித்தான் கேட்பார்கள். முதலாளி கத்த மாட்டார். பக்கத்தில் கூப்பிட்டு, சாமி கும்பிடுகிறவர் மாதிரி முணுமுணுப்பார். குழாய்களுக்குப் பக்கத்திலேயே நின்று அவருடைய இடது காது மந்தமாகிவிட்டது. எதைக் கேட்டாலும் வலது காதைத் திருப்பி, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

பெரிய ஸ்பூல் ரெக்கார்டர் ஒன்று அவரிடம் இருந்தது. பதிவு என்றால் முதல் வேலை, டேப் உரசி ஓடுகிற அதன் ஹெட்டைத் துடைப்பது. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்க வேண்டும். பஞ்சில் காவி நிறத்தில் அழுக்கு வரும். வேறு பஞ்சு மாற்ற வேண்டும். "பஞ்சு வெள்ளையா வர்ற வரைக்கும் நீ யாரோ, மெஷின் யாரோ" என்பார்.

அப்புறம் மைக். அவருடைய மைக்கில் "ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லக்கூடாது. "எண்ணும்போது எவனும் அவன் கொரல்ல எண்ணுறதில்ல. காலையில என்ன தின்னேன்னு சொல்லு" என்பார். திருவிழாவில் நான் மைக்கைப் பிடித்து, "பழைய சோறு, வெங்காயம், நேத்து வச்ச புளிக்கொழம்பு" என்று சொல்ல, ஊரே கேட்டுச் சிரித்திருக்கிறது. பரவாயில்லை. குரல் சரியாக விழும்.

பதிவு முடிந்ததும் முழுவதையும் போட்டுக் கேட்பார். நன்றாக இருந்தால் ஒரே வார்த்தைதான். "சரி, சுத்து." டேப்பைத் திருப்பிச் சுற்றி டப்பாவில் வை என்று அர்த்தம். அதுதான் பாராட்டு. பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து டீக்குடிக்கப் போய்விடுவார். நாங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவரிடம் இருந்த வருடங்களில் "சரி, சுத்து" பாடகர்களுக்குக் கிடைத்திருக்கிறது, நாதஸ்வரக்காரர்களுக்குக் கிடைத்திருக்கிறது. தனியாகப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகும் எனக்குக் கிடைக்காமலே இருந்தது. எனக்கு அதில் கோபம் உண்டு. அவர் டீக்குடிக்கப் போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் திட்டியிருக்கிறேன்.

இனி 'இடிமின்னல்'.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட். அங்கே ரைட்டர் வேலை பார்த்தவர் தங்கராசு. ஆள் கணக்குப் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்காக எஸ்டேட் சர்ச்சில் கிட்டார் கற்றுக்கொண்டவர். ஜீப்பு ஓட்டிய ஜோசேட்டன் டிரம் அடித்தார். மலையாளம் பாதி தமிழ் பாதி பேசுவார். இன்னும் இரண்டு கிட்டாருக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர். சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டார்கள். சொந்தப் பாட்டு. கரண்ட் கிட்டாரை எங்கள் மைக்செட் ஆம்ப்ளிஃபயரில் சொருகி, குழாய் ஸ்பீக்கரில் விட்டால் மலையே கிழிகிற மாதிரி கரகரவென்று கேட்கும். அதனால்தான் இடிமின்னல் என்று பெயர். ஜீப்பு வளைவு வளைவாக ஏறுவதைப் பற்றி ஒரு பாட்டு வைத்திருந்தார்கள். 'கொண்டை ஊசிப் பாட்டு' என்று ஊரே சொல்லும்.

எழுபதுகளின் நடுவில் அவர்களைப் பதிவு செய்ய முதலாளியும் நானும் மலையேறினோம். அறுவடை இல்லாத காலம். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் காலியாகக் கிடந்தது. சுவரெல்லாம் சாக்கைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கினோம். சர்ச் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அதில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்து, எல்லாக் கிட்டாரையும் அதற்குச் சேர்த்தார்கள். தங்கராசு எப்போதும் அப்படித்தான். ஆர்மோனியம் இல்லாமல் கம்பியைத் தொட மாட்டார்.

எஸ்டேட்டுக்குக் கரண்ட் லைன் வரவில்லை. டீசல் ஜெனரேட்டர்தான். ஸ்டோருக்குப் பின்னால் கொட்டகையில் எஞ்சின் டம் டம் என்று அடித்தது. பாட்டு நிற்கிற இடத்திலெல்லாம் அந்தச் சத்தம் மைக்கில் விழுந்தது. முதலாளி தலையைக் குனிந்து கேட்டார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மொக்கையன்கிட்டச் சொல்லி எஞ்சினக் கொஞ்சம் அமத்தச் சொல்லு" என்றார்.

எஞ்சின் பார்க்கிற மொக்கையன் வாய்க்காரர். "எம்புட்டு அமத்த?" என்றார்.

"சத்தம் கேக்காம ஓடணும்ணே."

"சத்தம் கேக்காம ஓடுறதுக்கு அதென்ன ஒங்க மொதலாளியா?"

சொல்லிக்கொண்டே அமர்த்தினார். சத்தம் மட்டுப்பட்டது. ஸ்டோரில் எரிந்த பல்பு ஆரஞ்சுப் பழ நிறமாகிவிட்டது. மெஷினில் இருந்த சின்ன விளக்கும் மங்கியது. மெஷின் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது போதும். அமைதி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு, சாயங்காலத்துக்குள் எல்லாப் பாட்டையும் பதிந்து முடித்தோம்.

மறுநாள் போடியில் கடையில் வைத்துப் போட்டோம். பாட்டு துள்ளியது. கிட்டார் பறந்தது. எதிர்க் கடையில் டீக்குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்கள். முதலாளி கடைசி வரைக்கும் குனிந்து கேட்டார். "சரி, சுத்து" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "ம்" என்றார். எழுந்து டீக்குடிக்கப் போனார்.

எனக்கு ஆத்திரம். ஊரே கூடி நிற்கிறது, இந்த மனுசனுக்கு இன்னும் என்ன வேண்டும்? ஆனால் திரும்பி வந்தவர் மறுபடி பதியச் சொல்லவில்லை. அதற்குள் இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் "அந்தப் பாட்டை எங்க வீட்ல போடுங்க" என்று வந்து நின்றார்கள். பேச்சு அதோடு போயிற்று.

அந்த வாரமே தங்கராசு கீழே இறங்கி வந்து கேட்டார். கண்ணை விரித்தார். "அண்ணே, இது நானா? எளவட்டப் பய கணக்கா இருக்கு!"

"ரெக்கார்டுல கேட்டா யாருக்கும் தன் கொரல் தன் கொரலாத் தெரியாது தங்கராசு" என்றார் முதலாளி. பாட வருகிற எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னார்.

அப்புறம் நடந்தது போடிக்காரர்களுக்குத் தெரியும். நாங்கள் மைக்செட் கட்டிய கல்யாணம், காதுகுத்து, பொங்கல் எல்லாவற்றிலும் அந்த ஸ்பூல் ஓடியது. குழுவும் சில திருவிழாவில் வாசித்தது. மேடை தெரியாத அளவுக்குப் பையன்கள் ஆடுவார்கள், கூடவே கத்திப் பாடுவார்கள். அந்தச் சத்தத்தில் யாரும் வேகத்தையும் சுருதியையும் பார்த்ததில்லை. கொஞ்ச காலத்தில் ஜோசேட்டன் துபாய்க்குப் போனார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேச்சு முறிந்து ஆளுக்கொரு ஊர் போனார்கள். குழு கலைந்தது. பாட்டு கலையவில்லை. கேசட் வந்ததும் அந்த ஸ்பூலிலிருந்துதான் நூறு நூறாகப் பிரதி எடுத்தோம். மலையேறுகிற ஜீப்பு எல்லாவற்றிலும் கொண்டை ஊசிப் பாட்டுத்தான்.

பால்பாண்டி என்று ஒருவர். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு காட்டு வேலைக்குப் போகிற ஜீப்பின் டிரைவர், ஓனர் இரண்டும் அவர்தான். இடிமின்னலுக்கு ரசிகர் மன்றம் வைத்திருந்தார். எண்பதுகளின் நடுவில் ஜோசேட்டன் ஊர் திரும்பியதும் பால்பாண்டி ஆலாய்ப் பறந்தார். அண்ணனையும் தம்பியையும் ஒரே ஜீப்பில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். நான்கு பேரும் போடியில் ஒரு மேடையில் வாசிப்பது, அதை அப்படியே பதிந்து கேசட் போடுவது என்று முடிவானது. "சனம் கத்துறது, விசிலடிக்கிறது எல்லாம் கேசட்ல வரணும்ணே. கேக்குறவனுக்கு மேடைக்கு முன்னால நிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார்.

தங்கராசு இதை நம்பி எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு வந்தார். அதுதான் விஷயம். மேடை நன்றாகப் போனால் இரண்டு மூன்று கோயில் கமிட்டிக்காரர்கள் கூப்பிடத் தயாராக இருந்தார்கள். பாட்டையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

பதிவு என் பொறுப்பு. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மைக் வைத்தேன். சனத்துக்குத் தனியாக ஒரு மைக். அதைக் குழாய்க்கு முதுகு காட்டி, ஆம்பளையாட்கள் நிற்கிற பக்கமாக மூங்கிலில் கட்டினேன். கைக்குழந்தைக்காரிகள் உட்காரும் பக்கம் கட்டினால் கேசட் முழுக்க அழுகைதான் இருக்கும். மலைக்காற்று மைக்கில் ஊதாமல் இருக்க மல்துணியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஜோசேட்டனிடம் காலையில் தின்றதைச் சொல்லச் சொன்னேன். "கப்பயும் மீனும். மீன் அத்தற போரா" என்றார். மரவள்ளிக்கிழங்கும் மீனும், ஆனால் மீன் அவ்வளவு நன்றாக இல்லையாம். மெஷினில் சத்த அளவு காட்டுகிற ஊசி அழகாக ஏறி இறங்கியது. தங்கராசு ஆர்மோனியத்தோடு வந்திருந்தார். டவுன் கரண்ட் அன்றைக்கு ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை.

முதல் பாட்டுக்கு விசில் பறந்தது. இரண்டாவதுக்குக் குறைந்தது. கொண்டை ஊசிப் பாட்டு தொடங்கியதும் சனம் எழுந்து நின்றது. நாலு வரி போனதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எனக்கு ஹெட்போனில் தங்கராசு குரல் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாகக் கேட்டது. ஆனால் சனத்துக்கான மைக்கில் வேறு ஒன்று கேட்டது. "என்னய்யா, ஊந்துக்கிட்டுக் கெடக்கு." "தூங்கிட்டானா?" கிட்டார் மட்டும் வாசிக்கிற இடம் வந்தபோது ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஏ தங்கராசு, டீசல் தீந்து போச்சா?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தங்கராசு மைக்குக்கு வந்து, "டீசல் இருக்குய்யா. ஏத்தமில்ல? மெதுவாத்தான் ஏறும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியைப் பாடினார். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் பாட்டுக்கு யாரும் ஆடவில்லை. பாதிப்பேர் கலைந்துபோனார்கள்.

கத்தினது யார் தெரியுமா? பால்பாண்டி. கூட்டி வந்தவரேதான். அவ்வளவு ஏமாற்றம்.

'மறுபடியும் இடிமின்னல்' என்று பெயர் போட்டுக் கேசட் வெளிவந்தது. வாங்கினவர்கள் மறுநாளே திருப்பிக்கொண்டு வந்தார்கள். "கேசட்ல கோளாறு. இழுக்குது." "இழுக்கல, அவங்க வாசிச்சதே அப்படித்தான்" என்றால், "அப்பப் பழசையே குடு" என்றார்கள். நான் இரண்டு பேரிடம் சண்டை போட்டேன். ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். முதலாளி வந்து, காதோடு, "சட்டைய விடு, கேசட்ட மாத்திக் குடு" என்று முணுமுணுத்தார்.

கோயில் கமிட்டிக்காரர்கள் பேசியதை மறந்தார்கள். ஒரு நாள் காலையில் தங்கராசு கிட்டாரை உறையோடு கொண்டுவந்து கடை மேசையில் வைத்தார்.

"சுருளி, யாராவது வெலைக்குக் கேட்டா இதக் குடுத்துரு."

"ஏண்ணே?"

"தொண்டை போச்சுப்பா. எனக்கே தெரியுது. பழைய கேசட்டப் போட்டுக் கேட்டேன். அந்த எடத்துக்கு என்னால ஏற முடியல. எஸ்டேட்ல இன்னும் ஆள் போடலயாம். நாளைக்கு மேல போறேன். இனிமே பாடுற சோலி வேணாம்."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அன்றைக்கு மேடையில் அந்தக் குரலை மற்ற எல்லோரையும்விடப் பக்கத்தில் கேட்டவன் நான். அதில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் பழைய பாட்டில் அவர் மேலே நிற்கிறார், புதிதில் கீழே நிற்கிறார் என்பதும் உண்மை.

அந்த நேரம் பார்த்துப் பால்பாண்டியும் வந்தார். தங்கராசுவைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடம். இருந்தாலும் சொன்னார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கேசட் மெஷின்ல ஓட்டத்தக் கூட்டுற திருகு இருக்காமே. கொஞ்சம் கூட்டி விட்டுப் பிரதி எடுங்க. பழைய மாதிரி ஆயிரும். வித்துரலாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "மாட்டேன்" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அன்றைக்குத்தான். "பாடுனதத்தான் நான் பதிஞ்சேன். திருகித் திருகி எளமையாக்குறதுக்கு நான் என்ன தலைக்கு மை தடவுறவனா? வேணும்னா நீங்களே திருகுங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர், "கூட்ட வேணாம். எம்புட்டு வித்தியாசம்னு மட்டும் பாப்போம். பழைய ஸ்பூலக் கொண்டா. தங்கராசு, கிட்டார எடுத்துப் பழைய பாட்டோட சேந்து வாசி" என்றார்.

ஹெட்டைத் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாக வந்ததும் ஸ்பூலைப் போட்டேன். கொண்டை ஊசிப் பாட்டு. தங்கராசு கிட்டாரைத் தொட்டார். சேரவில்லை. ஒரு கட்டை மேலே பிடித்தார். கீழே கிடந்தது. இன்னொரு கட்டை ஏறினார். மேலே போய்விட்டது. இரண்டு கட்டைக்கும் நடுவில், விரல் வைக்க இடமே இல்லாத இடத்தில் பாட்டு நின்றது.

தங்கராசு கையை எடுத்துவிட்டார். "இந்தச் சுருதியில நான் பொறந்ததுலருந்து வாசிச்சது கெடையாது. நம்ம சர்ச் ஆர்மோனியத்துல இப்படி ஒரு கட்டையே இல்ல."

முதலாளி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அப்படியே சொன்னார்: "எஞ்சினு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஸ்பூல் மெஷினின் மோட்டார் கரண்டின் ஓட்டத்துக்கு ஏற்பத்தான் சுற்றும். ஸ்டோரில் எஞ்சினை அமர்த்தச் சொன்னோம். ஜெனரேட்டர் மெதுவானதும் கரண்டின் ஓட்டமும் குறைந்தது. மெஷினும் மெதுவாகவே சுற்றிப் பதிந்தது. அதைப் போடியில் முழு ஓட்டக் கரண்டில் போட்டால்? பாட்டு வேகமாக ஓடும். குரல் ஏறும். இத்தனை வருடம் ஊர் கேட்டது தங்கராசுவின் குரலை அல்ல. மொக்கையன் அமர்த்திய எஞ்சினை.

"அன்னிக்கே காதுல என்னமோ உறுத்துச்சு" என்றார் முதலாளி. "என்னன்னு தெரியல. சனம் கேட்டு ஆடவும் விட்டுட்டேன். அமத்தச் சொன்னது நாந்தான்."

பால்பாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. "சும்மா தங்கராசு அண்ணன் மனசு நோகக்கூடாதுன்னு கதை விடுறீங்க."

அதற்கு முதலாளி பேசவில்லை, செய்தார். மைக்செட்டின் ஜெனரேட்டரைக் கடை வாசலில் இறக்கச் சொன்னார். ஸ்பூல் மெஷினின் வயரை அதில் மாட்டினோம். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைப் போட்டு, நான் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக அமர்த்தினேன். தங்கராசு கிட்டாரில் ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். பாட்டு இறங்கிக்கொண்டே வந்தது. கடைக்குள் பல்பு மங்கி, ஆரஞ்சு நிறத்துக்கு வந்தபோது தங்கராசு கையைத் தூக்கினார். கிட்டாரும் டேப்பும் ஒரே இடத்தில் நின்றன.

அந்த ஓட்டத்தில் கொண்டை ஊசிப் பாட்டை முதலிலிருந்து போட்டேன். வாசலில் எஞ்சின் அடிக்கிற சத்தத்துக்கு மேலே கேட்டோம். ஜீப்பு நிதானமாக ஏறியது. பத்து வருடத்துக்கு முந்தைய தங்கராசு பாடினார். கனமான, அவசரமில்லாத குரல். மேடையில் கேட்ட அதே குரல். மேடைக் குரலில் இன்னும் கொஞ்சம் அழுத்தம் கூடியிருந்ததே தவிர, எதுவும் குறையவில்லை.

தங்கராசு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "இன்னொருக்காப் போடு சுருளி" என்றார். போட்டேன்.

பால்பாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இது பழசா? மேடையில பாடுனது இல்லயே?"

"பழசுதான்."

"அப்ப அண்ணனுக்கு டீசல் தீரல."

"டீசலு அன்னிக்குத்தான்டா கொறைச்சலா இருந்துச்சு, மலையில. நீ ஆள மாத்திக் கேட்டுட்ட" என்றார் முதலாளி. அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான்.

பால்பாண்டி தங்கராசுவின் கையைப் பிடித்தார். "அண்ணே, ஒங்க தொண்டை போகல. நான் கத்துனது தப்பு. எல்லார்கிட்டயும் சொல்றேன். ஆனா ஒண்ணு. பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் துள்ளல் பாட்டுத்தாண்ணே புடிக்குது. அதக் கேட்டுத்தான் ஜீப்பு ஓட்டப் பழகுனேன். எஞ்சின் தப்போ, எவன் தப்போ, அது எங்க பாட்டு."

எனக்கு அவரை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. தங்கராசுவுக்கு இல்லை. அவர் சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். "வச்சுக்கப்பா. அது மொக்கையன் பாட்டு. என் பாட்டு என்கிட்ட இருக்கு" என்றார். கிட்டாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். விற்கச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் பெரிய ஆளாகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எஸ்டேட்டுக்குத் திரும்பவும் இல்லை. குரங்கணி, பொட்டிபுரம், கேரளத்துப் பக்கத்து எஸ்டேட் சர்ச்சுகள் என்று பாடிக்கொண்டிருந்தார். பால்பாண்டி ஜீப்பில்தான் போவார். வழியெல்லாம் பழைய கேசட் துள்ளும். இறங்கினதும் அவர் தன் சுருதியில் பாடுவார். கேட்டவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். பலர் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு பாடகருக்கு வேறென்ன வேண்டும்?

'மறுபடியும் இடிமின்னல்' கேசட் பிற்பாடும் விற்கவில்லை. ரசிகர்கள்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. இன்றைக்கும் சொத்தை ரெக்கார்டிங் என்று எழுதினவன் கையில் கிடைத்தால் விட மாட்டேன். ஆனால் பால்பாண்டிக்கு நான் கடன்பட்டவன். அவர் திருகைக் கூட்டச் சொல்லி வராமல் இருந்தால் தங்கராசு தொண்டை போனவராகவே மலையேறியிருப்பார். தங்கராசுவுக்கும் கடன்பட்டவன். ஆர்மோனியத்துக்குச் சேர்க்காமல் கம்பியைத் தொடாத அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் எதை வைத்து அளந்திருப்போம்? வாயாடி மொக்கையனுக்கும்கூட நன்றி சொல்லத்தான் வேண்டும். ஊரை ஆட வைத்தவர் அவரும்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே முதலாளி. அன்றைக்குப் பால்பாண்டியும் தங்கராசுவும் ஒரே ஜீப்பில் போன பிறகு ஜெனரேட்டரை நிறுத்தி, மெஷினை டவுன் கரண்டுக்கு மாற்றினேன். முதலாளி போகவில்லை. "மேடையில நீ பதிஞ்சத மொதல்லருந்து போடு. நான் இன்னும் முழுசாக் கேக்கல" என்றார்.

போட்டேன். வலது காதைத் திருப்பி, தலையைக் குனிந்து உட்கார்ந்தார். முதல் பாட்டின் விசில், அப்புறம் விசில் குறைவது, சனம் முணுமுணுப்பது, தங்கராசு குரல், ஜோசேட்டன் டிரம் எல்லாம் வந்தன. "ஏ தங்கராசு, டீசல் தீந்து போச்சா?" வந்தது. "அதை வெட்டிரவா மொதலாளி?" என்றேன். கையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றார். சிரிப்பு, தங்கராசு சொன்ன பதில், அடுத்த வரி. கடைசிப் பாட்டுக்குக் கொஞ்சம் பேர்தான் கை தட்டினார்கள். கொஞ்சம் பேர் தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படியே பதிவாகியிருந்தது. டேப் தீர்ந்து, நுனி படபடவென்று அடித்தது.

அவர் எழுந்தார். டீக்குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

"சரி, சுத்து" என்றார்.

சுற்றினேன்.